ஆலை இல்லா ஊரில் ஓர் உர ஆலை

“ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை” என்று ஒரு பழமொழி உண்டு. கரும்பு ஆலை இல்லாத ஊரில் இனிப்புக்கு என்ன செய்வது? இலுப்பை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பொறுக்கி உலர்த்தினால் அதுவே சர்க்கரை. இல்லாத குறைக்குச் சொன்ன சமாதானம் போல இப்பழமொழி தோன்றலாம். ஆனால் நம் மண்ணில் இருப்பது என்ன என்று முதலில் தேடிப் பார்க்கச் சொல்லும் நல்ல அறிவுரையும் இதில் இருக்கிறது.

இலுப்பையைத் தன் பெயரிலேயே கொண்ட ஊர் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அதுதான் இலுப்பூர். இவ்வூரைச் சுற்றியுள்ள மானாவாரி நிலத்தில் உர ஆலை எதுவும் இல்லை. ஆயினும் அங்கே ஒவ்வோர் உளுந்துச் செடியின் வேரிலும் சின்னஞ்சிறு உர ஆலைகள் பல இயங்குகின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன? அவற்றைக் கொண்டு நம் உணவுத் தேவையை நெடுங்காலம் நிறைவு செய்ய முடியுமா? அதில் பள்ளி மாணவர்களாகிய உங்கள் பங்கு என்ன? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மழையின் கணக்கு

இலுப்பூர், புதுக்கோட்டை நகருக்கு வடமேற்கே உள்ளது. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு இப்பகுதியில் கிடையாது. மழை பெய்தால் கண்மாய் நிரம்பும். கண்மாய் நிரம்பினால் நெல் விளையும். புதுக்கோட்டை மாவட்டத்தில் இத்தகைய கண்மாய்கள் 5,000-க்கும் அதிகமாக உள்ளன. கண்மாய் நீர் ஏறாத மேட்டு நிலங்களோ வானத்தை மட்டுமே நம்பியிருக்கின்றன. நிலக்கடலையும் பயறு வகைகளும் விளையும் நிலங்கள் அவை.

மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 முதல் 900 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. இது போதுமா, போதாதா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக 1 லிட்டர் நீர் சேரும். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆகவே 800 மில்லிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் 32 லட்சம் லிட்டருக்கும் அதிகமான நீர் விழுகிறது. ஒரு போகம் நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை. அதாவது ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல். உளுந்துக்கோ சுமார் 300 மில்லிமீட்டர் போதும். அதாவது 12 லட்சம் லிட்டர்.

இப்போது ஓர் உண்மை புலப்படும். நெல்லைக் கொண்டு அளந்தால் இலுப்பூரின் மழை பற்றாக்குறை. உளுந்தைக் கொண்டு அளந்தால் அதே மழை தாராளம்! நிலத்தை வறண்ட நிலம் என்று சொல்வதற்கு முன்னால், எந்தப் பயிருக்கு வறண்டது என்று கேட்க வேண்டும்.

ஆயினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. இம்மழை ஆண்டு முழுவதும் சீராகப் பெய்வதில்லை. பெரும்பகுதி சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஓடும் நீரை நிறுத்தாவிட்டால், பூக்கும் பருவத்தில் பத்து நாள் வெயில் அடித்தாலே பயிர் வாடிவிடும். இதற்கான வழியைப் பின்னர் காண்போம்.

தட்டில் குறைந்த பருப்பு

உளுந்து, பாசிப்பயறு, துவரை, தட்டைப்பயறு, கொள்ளு ஆகியவை பயறு வகைகள். அரிசியில் சுமார் 7 விழுக்காடு புரதம் உள்ளது. உளுந்தில் சுமார் 24 விழுக்காடு. அளவு மட்டுமன்று, தன்மையும் முக்கியம். லைசின் என்னும் அமினோ அமிலம் அரிசியில் குறைவு, பயறுகளில் அதிகம். மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் பயறுகளில் குறைவு. அரிசியில் ஓரளவு உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. இட்லி மாவில் அரிசியுடன் உளுந்தைச் சேர்த்து அரைத்த நம் முன்னோர் அமினோ அமிலம் என்ற சொல்லை அறியார். ஆனால் அதன் பயனை உடலால் அறிந்திருந்தனர்.

இந்தியாவில் ஒருவருக்கு ஒரு நாளில் கிடைக்கக்கூடிய பயறின் அளவை அரசு கணக்கிட்டு வருகிறது. 1961-இல் அது 69 கிராம். 1981-இல் 37.5 கிராம். 2001-இல் 30 கிராம். பசுமைப் புரட்சியின்போது நெல்லும் கோதுமையும் பெருகின. பாசன நிலம் அவற்றுக்குச் சென்றது. பயறுகள் மழையை நம்பிய நிலத்திலேயே தங்கிவிட்டன. மக்கள்தொகை வளர்ந்த வேகத்திற்கு அவற்றின் விளைச்சல் வளரவில்லை. பின்னர் நிலைமை சிறிது தேறியது. 2011-இல் 43 கிராம் கிடைத்தது. உலகிலேயே மிக அதிகமாகப் பயறு விளைவிக்கும் நாடு இந்தியாதான். மிக அதிகமாக உண்பதும் இந்தியாதான். அப்படியிருந்தும் வெளிநாடுகளிலிருந்து பயறு வாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே இலுப்பூர் போன்ற மானாவாரிப் பகுதிகள் நாட்டின் உணவுக்குப் புறம்பானவை அல்ல. நம் சாம்பாரும் இட்லியும் பெரிதும் இத்தகைய நிலங்களையே நம்பியுள்ளன.

வேரில் இயங்கும் ஆலை

பயிர் வளரத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் வேண்டும். காற்றில் ஏறக்குறைய 78 விழுக்காடு நைட்ரஜனே. ஓர் ஏக்கர் நிலத்தின் மேலுள்ள காற்றில் மட்டும் 30,000 டன்னுக்கு மேற்பட்ட நைட்ரஜன் இருக்கிறது! அப்படியிருக்க, உழவர் ஏன் யூரியா மூட்டை வாங்குகிறார்?

காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. நெல்லோ கம்போ அப்பிணைப்பை உடைக்க இயலாது. ஜெர்மானிய அறிஞர் ஹேபர் 1909-இல் ஆய்வகத்தில் இதனை உடைத்து அம்மோனியா உண்டாக்கிக் காட்டினார். போஷ் என்ற பொறியியலாளர் அதனைப் பெரிய அளவில் செய்யும் முறையை உருவாக்க, 1913-இல் முதல் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பம், காற்று மண்டலத்தைப்போல் 200 மடங்கு அழுத்தம் ஆகியவை இதற்குத் தேவை. எரிபொருள் செலவும் மிகுதி.

இதே வேலையை உளுந்துச் செடியின் வேர் சாதாரண வெப்பநிலையில், ஓசையில்லாமல் செய்து முடிக்கிறது. உண்மையில் செய்வது வேர் அன்று. வேரில் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரு அறிஞர்கள் 1886 முதல் 1888 வரையிலான ஆண்டுகளில் இவ்வுண்மையை நிறுவினர். 1888-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்ஜரிங்க் அப்பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார்.

பாக்டீரியா வேருக்குள் நுழைந்ததும் அவ்விடத்தில் கடுகளவு புடைப்பு ஒன்று தோன்றும். இதற்கு வேர்முண்டு என்று பெயர். செடி தன் இலையில் தயாரித்த சர்க்கரையைப் பாக்டீரியாவுக்குக் கொடுக்கிறது. பாக்டீரியா நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. கொடுக்கல் வாங்கல் சரியாக நடக்கும் கூட்டுக் குடித்தனம் இது.

இக்குடித்தனத்தில் ஒரு நுட்பம் உண்டு. நைட்ரஜனை மாற்றும் நைட்ரஜனேஸ் என்னும் நொதிக்கு ஆக்சிஜன் பகை. ஆனால் பாக்டீரியா சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது? வேர்முண்டுக்குள் லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்பு நிறப்பொருள் உண்டாகிறது. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு இது உறவு. ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு தேவையான அளவு மட்டும் அளந்து கொடுக்கிறது. இந்நிறம் உங்களுக்கு மிகவும் பயன்படப் போகிறது.

தோண்டிப் பாருங்கள்

விதைத்து 35 நாள் ஆன உளுந்துச் செடி ஒன்றை உழவரின் அனுமதி பெற்று எடுங்கள். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் வேர்முண்டுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியால் வெட்டி, மண்கட்டியோடு எடுத்து ஒரு வாளி நீரில் ஊறவிடுங்கள். மண் கரைந்ததும் வேரை மெல்ல அலசுங்கள்.

வேரின் பக்கங்களில் மணிகள் போல ஒட்டியிருப்பவை வேர்முண்டுகள். விரலால் தேய்த்தால் எளிதில் உதிர்ந்துவிடும். வேரே வீங்கி, தேய்த்தாலும் பிரியாமல் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு உண்டாக்கிய நோய். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பத்து முண்டுகளை நகத்தால் கீறிப் பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் ஆலை ஓடுகிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் ஓடத் தொடங்கவில்லை, அல்லது வேலை செய்யாத பாக்டீரியா குடியேறியிருக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. செடிக்கு எத்தனை முண்டுகள், பத்தில் எத்தனை சிவப்பு என்று குறிப்பேட்டில் எழுதுங்கள்.

யூரியா அதிகமாக இட்ட நிலத்துச் செடியையும் தோண்டிப் பாருங்கள். பெரும்பாலும் முண்டுகள் குறைவாகவே இருக்கும். கேட்காமலே சாப்பாடு கிடைக்கும்போது செடி ஏன் ஓர் ஆலையைக் கட்டப்போகிறது?

விதையிலிருந்து தொடங்குவோம்

வீட்டில் எடுத்துவைத்த உளுந்தை அப்படியே விதைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதில் எத்தனை முளைக்கும் என்பது முளைத்த பிறகுதான் தெரியும். முன்பே அறிய ஒரு வழி இருக்கிறது. அதை ஒரு வகுப்பு மாணவர்களே செய்துவிடலாம்.

பொறுக்காமல், கைக்கு வந்தபடி 100 விதைகளை எண்ணி எடுங்கள். நனைத்துப் பிழிந்த துணியில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி நிழலில் வையுங்கள். துணி காயாமல் நீர் தெளித்து வாருங்கள். ஏழாம் நாள் பிரித்து, வேரும் தண்டும் ஒழுங்காக உள்ள நாற்றுகளை மட்டும் எண்ணுங்கள். சான்று பெற்ற உளுந்து விதைக்குக் குறைந்தது 75 விழுக்காடு முளைப்புத் திறன் இருக்க வேண்டும் என்பது விதி.

இதனால் உழவருக்கு என்ன பயன்? வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓர் ஏக்கரில் சுமார் 1,35,000 செடிகள் நிற்க வேண்டும். 100 உளுந்தின் எடை சுமார் 5 கிராம் என்று கொண்டால், 1,35,000 உளுந்தின் எடை 6.75 கிலோ. நூற்றுக்கு 85 முளைக்கும் என்றால் ஏறக்குறைய 8 கிலோ விதை தேவை. ஏக்கருக்கு 8 கிலோ என்று வேளாண் துறையினர் பரிந்துரைக்கும் அளவும் இதுவே. நூற்றுக்கு 60 தான் முளைக்கும் என்றால் 11.25 கிலோ வேண்டும். இதை அறியாமல் 8 கிலோ விதைத்தவரின் நிலத்தில் செடிகள் குறையும்; களை நிறையும். விதைத்தபின் அவரால் எதுவும் செய்ய இயலாது. ஏழு நாள் முன்னதாக நீங்கள் சொன்ன ஓர் எண் அவருடைய ஒரு பருவத்தைக் காப்பாற்றக்கூடும்.

அடுத்தது ரைசோபியம் கலப்பது. ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் உயிர் உரத்தைக் குழைத்து, விதையின் மேல் சீராகப் படியும்படி கலந்து, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்திற்குள் விதைக்க வேண்டும். ஒரு கிலோ உளுந்துக்கு 30 கிராம் உயிர் உரம் போதும். பொட்டலத்தின் மேல் காலாவதி நாளைப் பாருங்கள். வெயிலில் வைத்த பொட்டலத்தில் பாக்டீரியா செத்துப்போகும். செத்த பாக்டீரியாவுக்கும் கடையில் விலை ஒன்றுதான்!

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே வம்பன் என்னும் ஊரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கு உருவான வம்பன் 8 என்னும் உளுந்து 65 முதல் 75 நாட்களில் அறுவடைக்கு வரும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும். காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றுவதால் பலமுறை பறிக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தும் அதன் விதை எத்தனை கொல்லைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது உங்கள் ஊரில் நீங்கள் கணக்கெடுக்கக்கூடிய நல்லதொரு கேள்வி.

பிடுங்குவதா, அறுப்பதா?

பயறு விதைத்தால் மண் வளமாகும் என்று சொல்வார்கள். அது எப்போதும் உண்மையா? ஓர் ஏக்கரில் 300 கிலோ உளுந்து விளைந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் 24 விழுக்காடு புரதம் என்றால் 72 கிலோ. புரதத்தின் எடையை 6.25-ஆல் வகுத்தால் அதிலுள்ள நைட்ரஜனின் எடை தெரியும். விடை சுமார் 11.5 கிலோ. இந்த நைட்ரஜன் மூட்டையில் ஏறிச் சந்தைக்குப் போய்விடுகிறது. மண்ணுக்கு மிஞ்சுவது வேர், வேர்முண்டு, உதிர்ந்த இலை ஆகியவற்றில் உள்ளது மட்டுமே.

அறுவடையின்போது செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் அந்த மிச்சமும் போகிறது. தரைமட்டத்தில் அறுத்தால் வேர் மண்ணிலேயே மட்கும். கதிரடித்தபின் கிடைக்கும் கொடியையும் பொட்டையும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுத்து, அவற்றின் எருவை அதே நிலத்துக்குத் திருப்பினால் சுழற்சி முழுமை பெறும். எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் வேளாண்மைதான் நீடித்து நிற்கும்.

குட்டையில் ஓர் உயிர்த் தண்ணீர்

பூக்கும் பருவத்தில் மழை தவறினால் என்ன செய்வது? நிலத்தின் தாழ்வான மூலையில் ஒரு பண்ணைக் குட்டை வெட்டினால், ஓடிப்போகும் மழைநீர் அதில் தங்கும். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குட்டையில் 1,50,000 லிட்டர் நீர் நிற்கும். ஓர் ஏக்கருக்கு 25 மில்லிமீட்டர் அளவு ஒருமுறை பாய்ச்ச ஏறத்தாழ 1,01,000 லிட்டர் போதும். ஆவியாகியும் மண்ணில் ஊறியும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும், கிட்டத்தட்ட ஒருமுறை பாய்ச்ச முடியும். வாடும் பயிருக்கு அந்த ஒரு தண்ணீர்தான் உயிர்த் தண்ணீர். (குட்டை ஓரம் தனியே செல்லாதீர்கள். வேலி கட்டாத குட்டை குழந்தைகளுக்கு ஆபத்து.)

தனி உழவர் ஒருவர் விதை, குட்டை, விற்பனை எல்லாவற்றையும் பார்ப்பது கடினம். இலுப்பூர் வட்டாரத்தைச் சேர்ந்த இடையப்பட்டியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உழவர்களுடன் சேர்ந்து, ‘பயறு ஊராட்சி’ என்ற முயற்சியை மேற்கொண்டது. ஓர் ஊராட்சியே சேர்ந்து நல்ல விதை, நீர்ச் சேமிப்பு, சரியான சாகுபடி முறை ஆகியவற்றைக் கையாள வேண்டும் என்பது அதன் கருத்து. இலுப்பூரின் பெயரிலேயே உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றும் அமைக்கப்பட்டது. இத்தகைய நிறுவனத்தில் பங்குதாரர் அனைவரும் உழவரே. தனி உழவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரு வாக்குத்தான். தனியே ஒரு மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோவதற்கும், நூறு பேர் சேர்ந்து உளுந்தை உடைத்துப் பருப்பாக்கி விற்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

மாணவர் சொன்னால் கேட்பார்களா?

“நேற்றுப் பிறந்த பிள்ளைகள் நமக்கு விவசாயம் சொல்லித் தருவதா?” என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். இக்கேள்வி புதிதன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உழவர்களும் கல்லூரிகள் சொன்ன புதிய முறைகளை நம்பத் தயங்கினர். 1902-இல் ஒஹையோ மாநிலத்தில் ஏ.பி.கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் மாணவர்களுக்காக ஒரு வேளாண் மன்றத்தைத் தொடங்கினார். பல மாநிலங்களில் மக்காச்சோள மன்றங்கள் பரவின. பிள்ளைகள் தேர்ந்த விதையைச் சிறு நிலத்தில் விதைத்து, அளந்து, கணக்கு எழுதினர். 1910-இல் தென் கரோலினாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஜெர்ரி மூர் ஓர் ஏக்கரில் 228 புஷலுக்கு மேல் மக்காச்சோளம் விளைவித்தான். நம் கணக்கில் சுமார் 5,800 கிலோ. சொற்பொழிவை நம்பாத பெரியவர்கள் தராசை நம்பினார்கள். இம்மன்றங்களே பின்னர் ‘நான்கு எச்’ என்னும் பெரிய இளைஞர் இயக்கமாக வளர்ந்தன.

இதிலிருந்து நாம் கற்பது யாது? பெரியவர்களோடு வாதாடத் தேவையில்லை. அளந்து காட்டினால் போதும். உழவருக்கு நீண்ட அனுபவம் உண்டு. உங்களுக்கு அளவுகோலும் குறிப்பேடும் உண்டு. எப்போது மழை இறங்கும், எந்த மூலையில் நீர் தேங்கும் என்பதை உங்கள் தாத்தா அறிவார். எத்தனை விழுக்காடு, எத்தனை லிட்டர் என்பதை நீங்கள் கணக்கிட்டுச் சொல்லலாம். இரண்டும் சேர்ந்தால்தான் அறிவு முழுமை பெறும்.

கேட்க வேண்டிய கடினமான கேள்வி

படித்தபின் உழவுக்கு வா என்று இளைஞரிடம் சொல்வது எளிது. வந்தவர் எதைக் கொண்டு வாழ்வார்? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1.85 ஏக்கர். ஏக்கருக்கு 300 கிலோ வீதம் 555 கிலோ உளுந்து கிடைத்தால், 2025-26 பருவத்துக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் வீதம் 43,290 ரூபாய் வரும். விதை, உழவு, களை, அறுவடை ஆகியவற்றின் செலவை இதில் கழிக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இது போதாது என்பது வெளிப்படை. இளைஞர் ஊரைவிட்டுப் போவதற்குச் சோம்பல் காரணமன்று. இந்தக் கணக்கே காரணம்.

ஆனால் கணக்கை மாற்றவும் வழிகள் உண்டு. பயறு எழுபது நாளில் முடிவதால் மழை வாய்க்கும் ஆண்டில் இன்னொரு பயிருக்கும் இடம் உண்டு. உளுந்தை உணவாக விற்பதைவிடச் சான்று பெற்ற விதையாக விற்றால் விலை அதிகம். பருப்பு உடைத்தல், ஆடு வளர்த்தல், உயிர் உரம் தயாரித்தல், மண் பரிசோதனை, கருவிகளை வாடகைக்கு விடுதல் எல்லாம் வேளாண்மையைச் சேர்ந்த தொழில்களே. இவற்றுக்கு நிலம் குறைவாக இருந்தாலும் படிப்பு வேண்டும். 2004 முதல் 2006 வரை செயல்பட்ட தேசிய உழவர் ஆணையத்தின் தலைவராக இருந்த எம்.எஸ்.சுவாமிநாதன், இளைஞரை உழவில் ஈர்ப்பதோடு நிலைக்க வைக்கவும் வேண்டும் என்று வலியுறுத்தினார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2015-இல் இதற்கெனவே ஒரு திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டு மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் ஒரு பாடம். இலுப்பூருக்கு அருகே குடுமியான்மலையில் வேளாண்மைக் கல்லூரியும் இருக்கிறது. பயிர் அறிவியலைப் படிக்க இவ்வட்டார மாணவர் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. மாணவர் வேளாண்மையில் பங்கு கொள்வது என்றால், பள்ளியை நிறுத்திவிட்டுக் கூலி வேலைக்குப் போவது என்று பொருளன்று. அது சட்டத்துக்கும் நீதிக்கும் புறம்பானது. பூச்சிமருந்து கலப்பதும் தெளிப்பதும் உங்கள் வேலையன்று. மருந்து தெளித்த நிலத்துக்குள்ளும் போகாதீர்கள். கவனிப்பது, அளப்பது, ஒப்பிடுவது, எழுதிவைப்பது இவையே மாணவர் பணி.

செய்து பாருங்கள்

1. பள்ளித் தோட்டத்தில் அல்லது வீட்டுக் கொல்லையில் ஒரு சென்ட் நிலத்தை இரு சமபாகமாகப் பிரியுங்கள். நச்சு மருந்து கலக்காத உளுந்து விதை பாகத்துக்கு 40 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாகத்தில் ரைசோபியம் கலந்த விதையும், மற்றதில் கலக்காத விதையும் விதையுங்கள். கலக்காததை முதலில் விதைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கையில் ஒட்டிய பாக்டீரியா அதிலும் சேர்ந்துவிடும். நாள், இடைவெளி, நீர், களையெடுப்பு எல்லாம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒன்றை மட்டும் மாற்றினால்தான் விளைவுக்கு எது காரணம் என்று சொல்ல முடியும்.

2. 35-ஆம் நாள் ஒவ்வொரு பாகத்திலும் ஐந்து செடிகளைத் தோண்டி, வேர்முண்டுகளை எண்ணிச் சராசரி காணுங்கள்.

3. அறுவடையில் ஒவ்வொரு பாகத்தின் விளைச்சலையும் தனித்தனியே நிறுத்து, 200-ஆல் பெருக்குங்கள். அதுவே ஏக்கர் விளைச்சல். வேறுபாடு இல்லை என்றாலும் அதுவும் ஒரு முடிவுதான், அப்படியே எழுதுங்கள். அம்மண்ணில் ஏற்கெனவே நல்ல ரைசோபியம் இருந்திருக்கலாம்.

4. நேரான பக்கங்களை உடைய தகர டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, காலை 8.30 மணிக்கு அளவுகோலால் நீரின் ஆழத்தை அளந்துவிட்டு நீரைக் கொட்டிவிடுங்கள். அந்த ஆழமே முந்திய நாளின் மழை அளவு. ஓராண்டு அளவுகளைக் கூட்டி, உங்கள் ஊர் மழை எந்தெந்தப் பயிருக்குப் போதும் என்று கணக்கிடுங்கள்.

சிந்தியுங்கள்

1. 60 விழுக்காடு முளைக்கும் விதையைக் கூடுதலாக விதைப்பது நல்லதா, வேறு விதை வாங்குவது நல்லதா? இரண்டுக்கும் ஆகும் செலவை உங்கள் ஊர் விலையில் ஒப்பிடுங்கள்.

2. அறுப்பதற்குப் பிடுங்குவதைவிட அதிக நேரம் ஆகிறது என்று உழவர் ஒருவர் சொல்கிறார். அவருக்கு என்ன விடை சொல்வீர்கள்? அவ்விடையை மெய்ப்பிக்க என்ன சோதனை செய்வீர்கள்?

3. உங்கள் பள்ளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் தரிசாகக் கிடக்கும் நிலம் எவ்வளவு? அது தரிசானதற்குக் காரணம் மழையா, விலையா, ஆள் இல்லாமையா? உரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்லும் காரணங்களில் எவற்றைப் பத்தாண்டுகளில் நீங்கள் மாற்ற முடியும் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.